கடைசி வீட்டின் வெப்பநிலை

இல்லாத ஒருத்தி செத்துப் போய்விட்டாள் என்று காலையில் செய்தி வந்ததிலிருந்து மஞ்சரிக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. செலின் மேடம்தான் அனுப்பியிருந்தார். ‘நம்ம தைலம்மா தவறிட்டாங்கம்மா, பத்து நாளாச்சு. மதியம் படுத்தவங்க எழுந்திரிக்கலையாம். நிஜப் பேரு பச்சையம்மா. அவங்க மகன் இன்னிக்கு வைவாவுக்கு வர்றார். உன்னைப் பாக்கணுமாம். பாத்துப் பேசு.’ கூடவே கைகூப்பும் படம் ஒன்று. மஞ்சரி அதைப் படித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், எடுத்துத் திரும்பப் படித்தாள். நம்ம தைலம்மாவாம். தைலம்மா என்று இந்த வேலூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி ஒருத்தி கிடைக்கமாட்டாள், ஏனென்றால் அவளைப் பெற்றவள் மஞ்சரி, அதுவும் போன கோடையில், தன் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு. மூக்குத்தி போட்டுவிட்டவள் அவள். வெற்றிலை வேண்டாம், எல்லாக் கிழவிக்கும் வெற்றிலைதானா என்று யோசித்து வறுகடலை கொடுத்தவள் அவள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு இப்போது யாரோ கொள்ளி வைத்திருக்கிறார்கள், யாரோ மொட்டை போட்டிருக்கிறார்கள், அந்த ஆள் பஸ் பிடித்து வந்துகொண்டிருக்கிறார். கருத்தரங்கு அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வகுப்புத் தோழன் தௌபீக்கின் குரல் கேட்டது. வாய்மொழித் தேர்வில் அவன் முடித்ததும் இவள். இந்த நேரத்துக்கென்றே காத்திருந்த மாதிரி கரண்ட் போயிருந்தது. சுவரில் முதுகு பட்டால் சுட்டது.

பல்துறைப் படிப்பு என்று சேர்ந்தபோது மாமா கேட்டார், பல் டாக்டருக்கா படிக்கிறே என்று. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கொஞ்சம் சமூகவியல், கொஞ்சம் சூழலியல், கொஞ்சம் இலக்கியம், எல்லாம் கலந்து ஒரு டிகிரி. கூட்டாஞ்சோறு மாதிரி என்று அம்மா சொந்தக்காரர்களுக்கு விளக்கினாள். காலையில் செலின் மேடத்தின் கள ஆய்வு வகுப்பு: பார்த்ததை மட்டும் எழுது, கேட்டதை மட்டும் எழுது, ஒரு சொல்லைக் கூடச் சேர்க்காதே. அது முடிந்து மணி அடித்தால் அதே அறையில், அதே பெஞ்சில், படைப்பெழுத்து வகுப்பு: பார்த்ததை எழுதாதே, அதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே, பார்க்காத கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று யோசி. இரண்டிலும் அவள்தான் முதல். ஒரே நோட்டில் முன்பக்கத்திலிருந்து இதையும் பின்பக்கத்திலிருந்து அதையும் எழுதினாள். இரண்டும் நடுவில் எங்கேயோ முட்டிக்கொள்ளும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் மட்டும் என்ன, கேட்டிருப்பாளா. கேட்டிருக்கமாட்டாள். இறுதியாண்டுக்கு ‘வெயிலும் வீடும்’ என்று ஒரு ஆய்வு. மலையடியில் பாறையை ஒட்டிய ஒரு தெரு, முழுக்கத் தகரக் கூரை வீடுகள். வீட்டுக்கு ஒரு வெப்பமானியை ஒரு வாரம் ஆணியில் தொங்கவிட வேண்டும், அந்த வீட்டுப் பெண்ணிடம் மத்தியானத்தை எப்படிக் கழிக்கிறாள் என்று கேட்டு எழுத வேண்டும், பேரை மாற்றிப் போட வேண்டும். பேரை மாற்றுவது ரொம்ப முக்கியம் என்றார் மேடம், நம்மால் அவர்களுக்கு ஒரு தொல்லையும் வரக் கூடாது. பேரை மாற்ற வேண்டுமானால் முதலில் ஒரு பேர் இருக்க வேண்டும் என்பதை மஞ்சரி அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. பச்சையம்மா. இன்றைக்குக் காலையில்தான் அந்தப் பேர் தெரிந்தது, அதுவும் அந்தப் பேருக்கு உரியவள் போன பிறகு. பச்சையம்மா, பச்சையம்மா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு முகமும் வரவில்லை.

வருவதற்கு அவள் பார்த்திருந்தால்தானே. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் முடிந்து கடைசி வீடு மட்டும் மிச்சம், தனியாக வாழும் முதியவர் என்ற கட்டத்தை நிரப்ப அந்த ஒரு வீடுதான் இருந்தது. ஒரு கிழவி மட்டும்தான் அங்கே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், போய்ப் பாரும்மா, உள்ளதான் இருக்கும் என்றார்கள். போனாள். வெயில் தலையில் இல்லை, காலுக்கடியிலிருந்து வந்தது, பாறையிலிருந்து வந்தது, செருப்பின் ரப்பர் இளகித் தரையோடு ஒட்டியது. கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். பாட்டி என்று கூப்பிட்டாள். ஆயா என்று கூப்பிட்டாள். மறுபடி தட்டினாள், கை விரல் கணுக்கள் வலிக்கிற வரைக்கும். அப்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் டம்ளரை வைக்கிற சத்தம். இதைத்தான் அவள் தௌபீக்கிடம்கூடச் சொல்லவில்லை. யாரோ தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிறார்கள், அவசரமில்லாமல் வைக்கிறார்கள், தட்டுவது யாராக இருந்தாலும் தட்டிக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. மஞ்சரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருந்துகொண்டே திறக்கமாட்டேன் என்றால் என்ன திமிர். கதவின் மேல் கை வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். அழைக்காமல் யார் வாசலையும் தாண்டக் கூடாது, கதவைத் தள்ளக் கூடாது, திறக்காவிட்டால் அது அவர்களுடைய உரிமை என்று நினைத்துத் திரும்பி வந்துவிட வேண்டும், இது கள ஆய்வில் முதல் பாடம். அந்தப் பாடத்தை மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். நாளைக்கு வரலாம் என்று திரும்பினாள். மறுநாள் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. அதற்கு மறுநாள் சித்தி வீட்டு வளைகாப்பு. வெப்பமானி பையிலேயே கிடந்தது. பிறகு அது அவள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், விசிறிக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டு, சமர்த்தாக ஒரு வாரத்தைப் பதிவுசெய்தது.

கடைசி வீட்டுக்கென்று தைலம்மா ஒரே மூச்சில் வந்தாள், அதுதான் வேடிக்கை. நிஜமான பெண்களை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் திணறினாள் மஞ்சரி. தெரியலம்மா, என்னத்தச் சொல்றது, வெயிலுன்னா வெயிலுதான், புழுங்குது, வேறென்ன, என்று அவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை நிரப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். தைலம்மா அப்படியில்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் சொன்னாள். ‘வெயிலு எனக்கு எதிரியில்லம்மா. மத்தியானமாச்சின்னா தகரம் டிக்கு டிக்குன்னு பேசும். நானும் எதுனா பதில் சொல்லிகினு இருப்பேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லன்னு யாரு சொன்னா?’ இதைப் படித்துவிட்டு செலின் மேடம் வகுப்பிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வுச் சுருக்கத்தில் முதல் மேற்கோளாக அதைத்தான் போட்டார்கள். சூழலியல் இளவழகன் சாரோ அட்டவணையைப் பார்த்துவிட்டு வேறு விதமாகப் பரவசப்பட்டார். தெரு முழுக்கக் கொதிக்கிறது, இந்த ஒரு வீடு மட்டும் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதே, ஏன். யோசித்து அவரே விடையும் கண்டுபிடித்தார். பாறை நிழல். சாயங்கால வெயிலைப் பாறை மறைக்கிறது என்று படம் வரைந்து ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். மஞ்சரி வீட்டுக் கான்கிரீட் கூரைக்கும் மின்விசிறிக்கும் கிடைத்த மரியாதை அது. அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதை மறைக்க இருமினாள். அப்புறம் துறையில் இருந்து அந்தத் தெருக் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார்கள், வெயிலைத் திருப்பி அடிக்கும், உள்ளே சூடு தணியும் என்று. எல்லாக் கூரைக்கும் பூச்சு பத்தாது. அட்டவணையைப் பார்த்துச் சூடு அதிகமான வீடுகளுக்கு மட்டும் அடிக்கச் சொன்னார் சார். கடைசி வீட்டுக்கு வேண்டாம், அங்கே பாறை நிழல் இருக்கிறது. மாணவர்களே ஏணி வைத்து ஏறி அடித்தார்கள், மஞ்சரியும் அடித்தாள், முகமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளியோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தப் போட்டோவில் ஓரமாக ஒரு கூரை தெரியும். வெள்ளை அடிக்காத தகரம். அதன் பளபளப்பு கண்ணைக் கூச வைக்கும். காலையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், பார்த்தும்விட்டாள்.

வயசானவர்கள் செத்துப் போவார்கள், அதற்கு வெயில்தான் காரணமா. ராஜா வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தாலும் சாவு வரும். மேடம் வெயில் என்று எழுதவில்லையே, மதியம் படுத்தவங்க என்றுதான் எழுதியிருக்கிறார். மதியம். எந்த மதியம், அன்றைக்கு எவ்வளவு சூடு, தகரத்துக்குக் கீழே எவ்வளவு, அது யாருக்கும் தெரியாது, சொல்லியிருக்க வேண்டிய கருவி போன கோடையிலேயே காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. வேண்டாம். வேறு எதையாவது நினைக்கலாம். எதிர்ச் சுவரில் பல்லி. அசையாத பல்லி. இந்தச் சூட்டில் பல்லிக்கு எப்படியிருக்கும் என்று இளவழகன் சாரிடம் கேட்டால் அதற்கும் ஒரு பக்கம் எழுதுவார். இத்தனை மாதமாக மத்தியானம் ஆனால் தைலம்மா வந்துவிடுவாள். குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, தூக்கம் சொக்கும்போது, காதோரம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள், அறிக்கையில் சேர்க்காத வரிகள் எத்தனையோ அவளிடம் இருந்தன. மஞ்சரிக்கு அவளைப் பிடித்துப் போயிருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம், நிஜமாகவே பிடித்துப் போயிருந்தது. காலையில் செய்தி வந்த நிமிஷத்திலிருந்து அவள் பேசவில்லை. அவள் இருந்த இடத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். முகமில்லை, குரலில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிறாள், வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கிறாள், திரும்ப வைக்கிறாள். நீ யாரையோ எழுதிக்கோ, எனக்கென்ன என்கிற மாதிரி. மஞ்சரிக்குப் பயமாக இருந்தது. பட்டப்பகலில், ஆட்கள் நடமாடுகிற கல்லூரியில், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் பயந்தாள்.

கதவு திறந்து தௌபீக் வெளியே வந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “கேள்வி கேக்கற எக்ஸ்டர்னல் நல்ல ஆளுதான், ஒண்ணும் பயமில்ல” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் பாதி தெரியும். கடைசி வீட்டுக்குள் அவள் போகவில்லை என்று தெரியும், வெப்பமானி கதை தெரியும். “யோசிச்சுப் பாத்தேன். பேரைத்தான் மாத்தறோமே, வீட்டையும் மாத்திட்டேன்னு சொல்லிடு. இவங்க அவங்க இல்ல, தைலம்மா வேற தெருவுல இருக்காங்க, யாருன்னு நான் சொல்லக் கூடாதுன்னு சொல்லிடு. விதிப்படி உன்னை யாரும் கேக்க முடியாது.” எவ்வளவு சுத்தமான வழி. ஒரு விதியைக் காட்டி இன்னொன்றை மூடிவிடலாம். மேடம் தலையாட்டுவார், ஒருவேளை பாராட்டவும் செய்வார். “அந்த ஆளுகிட்ட?” என்று கேட்டாள் மஞ்சரி. “அவருகிட்டயும் அதையேதான். உங்கம்மா இல்லீங்க, வேற ஒருத்தங்கன்னு. அவருக்கு என்ன போச்சு?” அவருக்கு என்ன போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னிடமிருந்து என்ன போகும் என்று தெரியும். டிகிரி போகும். மோசடி என்று போட்டுவிட்டால் மேற்படிப்புக்கு எந்த வாசலிலும் நிற்க முடியாது, அம்மா வளைகாப்பு கல்யாணம் எதற்கும் போகமாட்டாள், மாமா சிரிக்கமாட்டார், அதுதான் இன்னும் மோசம். சொல்லிடு, சரியா, என்று தௌபீக் எழுந்து தண்ணீர் தேடிப் போனான். சொல்லிவிடலாம் என்று அவளும் முடிவு செய்தாள். முடிவு செய்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. வேற தெரு. வேற ஒருத்தங்க. வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் ஒரு மொட்டைத் தலை ஏறி வந்தது.

மொட்டையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த காகிதங்கள். செலின் மேடம் கூடவே வந்தார். எந்த ஆய்வு செய்தாலும் கடைசியில் அந்த மனிதர்களிடமே போய் எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு வர வேண்டும் என்பது மேடத்தின் வழக்கம், அப்படிக் கடைசி வீட்டுக்குப் போனபோதுதான் வாசலில் பந்தல் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார், தைலம்மாவின் பக்கங்களை மகனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். “இவதாங்க மஞ்சரி. இவகிட்டதான் அம்மா பேசினது” என்றார். “ஹோசூர்லேருந்து வர்றார்மா, தணிகாசலம். பேசிட்டிருங்க, நான் உள்ள சொல்லிட்டு வந்துடறேன்.” மேடம் போய்விட்டார். தணிகாசலம் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். கவரைப் பிரித்தார், காகிதங்களை எடுத்தார், மடியில் வைத்து நீவிவிட்டார். நிறைய தடவை மடித்துப் பிரித்த காகிதம். மஞ்சரி ஒத்திகை பார்த்த வார்த்தைகளை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவர் ஆரம்பித்தால் சொல்லிவிடலாம் என்று.

“எனக்கு லீவே குடுக்க மாட்டாங்கம்மா கம்பெனியில. பொங்கலுக்கு வந்தது” என்றார் அவர், யாரும் கேட்காமலே. “அம்மா எப்பிடி இருந்தாங்கன்னு தெருவுல கேட்டா, இருந்தாங்கப்பா இருந்தாங்கன்னுதான் சொல்றாங்க. நீங்கதான் உக்காந்து பேசியிருக்கீங்க. தினம் படிக்கிறேன் இத. என் வீட்டுக்காரி திட்டறா, படிச்சிப் படிச்சி அழுதுகினே இருக்கேன்னு.” காகிதத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். எந்த வரி என்று மஞ்சரிக்குப் பார்க்காமலே தெரிந்தது. “இந்தத் தகரம் பேசும்னு சொல்லிகீறாங்களே. டிக்கு டிக்குன்னு கேக்கும்னு.” விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை. “எங்கம்மாவுக்குக் காது கேக்காதும்மா. நான் சின்னப் பையனா இருக்கச் சொல்லவே போயிடுச்சி. இடி இடிச்சாக்கூடக் கேக்காது. மேடத்துகிட்ட இதை நான் சொல்லல, சொன்னா தப்பா எடுத்துப்பாங்களோன்னு. உங்ககிட்ட மட்டும் கேக்கறேன். கடைசியில அவங்களுக்குக் காது கேட்டுச்சா?”

தைலம்மா வந்துவிட்டாள். காலையிலிருந்து வராதவள் இப்போது காதுக்குள் வந்து உட்கார்ந்தாள். கேட்டுதுன்னு சொல்லேன், என்ன குறைஞ்சிடும், பாவம் புள்ள ஹோசூர்லேருந்து வந்திருக்குது, என்றாள். நிறையக் கேட்டுது, தகரம் கேட்டுது, குருவி கேட்டுது, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு சொல்லு, என்று அடுக்கிக்கொண்டே போனாள், ஒவ்வொன்றும் நல்ல வரியாக இருந்தது. மஞ்சரி வாயைத் திறந்தால் அது தானாக வந்து விழும், அவ்வளவு தயாராக இருந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆமாம் என்று சொல்லப்போகிறாள் என்று அவருக்கும் தெரிந்த மாதிரி இருந்தது, அந்த முகம் அதற்குள்ளேயே இளக ஆரம்பித்திருந்தது. இதையும் சொல்லிவிட்டால் பச்சையம்மா ஒருத்தி இருந்ததாகவே ஆகாது என்று மஞ்சரிக்குத் தோன்றியது. யோசித்துத் தோன்றவில்லை, அடிவயிற்றில் தோன்றியது. “எனக்குத் தெரியாதுங்க” என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “உங்கம்மாவை நான் பாக்கவே இல்லைங்க. இதெல்லாம் நானா எழுதினது. அவங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லல. வீட்டுக்குள்ள சூடு எவ்வளவுன்னு போட்டதும் பொய். அதனாலதான் உங்க வீட்டுக் கூரைக்கு வெள்ளை அடிக்கல. நான் வந்தேன். கதவைத் தட்டினேன், ரொம்ப நேரம் தட்டினேன். உள்ள அவங்க இருந்தாங்க, சத்தம் கேட்டுது. திறக்கல. போயிட்டேன்.”

அவர் திட்டவில்லை. எழுந்து மேடத்தைத் தேடிப் போவார் என்று நினைத்தாள், போகவில்லை. காகிதங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்தார், கவருக்குள் வைத்தார், மறுபடி வெளியே எடுத்து அவளுக்கும் தனக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்துவிட்டார். உள்ளேயிருந்து யாரோ மஞ்சரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

“தட்டினா எப்பிடிம்மா கேக்கும்” என்றார், சின்னப் பிள்ளைக்கு வழி சொல்கிற மாதிரி. “தெருவுல யாரும் தட்டமாட்டாங்க. தள்ளிகினு உள்ள போயிடுவாங்க. அந்தக் கதவுக்குத் தாப்பாளே கிடையாது.”